ஆறாம் வகுப்பின் வாசலில்



பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பை முடித்ததும் நம் இல்லங்களில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். "இதுவரை தெருப் பள்ளிக்கூடத்தில் படித்தது போதும். இனியாவது நல்ல பள்ளியில் சேர்க்க வேண்டாமா?" என்பதே அப்பேச்சு. தெருப் பள்ளிக்கூடம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியாக இருக்கும். நல்ல பள்ளி என்பது, பக்கத்து நகரத்திலிருந்து காலை எட்டு மணிக்கு மஞ்சள் வண்டி அனுப்பும் ஆங்கில வழிப் பள்ளியாக இருக்கும். இரண்டில் எது நல்லது என்பதை நாம் எதைக்கொண்டு முடிவு செய்கிறோம்? சென்ற சில திங்களாக என் உள்ளத்தை விட்டு அகலாத வினா இது. காரணம், அது என் குடும்பத்திற்குள்ளேயே வந்து நின்றதுதான்.

2024ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் என் லாத்தாவின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். லாத்தாவின் மகள் வயிற்றுப் பேத்தி, ஊரிலுள்ள ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பை முடித்திருந்தாள். மகன் வயிற்றுப் பேரனுக்கும் அதே வயது. அவன் தனியார் ஆங்கில வழிப் பள்ளியில் அதே வகுப்பை முடித்திருந்தான். பேத்தியின் வாப்பா சபரில் இருப்பவர். "மகளை ஆறாம் வகுப்பிற்குத் தனியார் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். கட்டணத்தை நான் அனுப்பிவிடுகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தார்.

லாத்தாவின் மகளுக்கு மனம் ஒருநிலையில் இல்லை. கட்டணமும் வண்டிச் செலவும் போனால் வீட்டுச் செலவுக்கு என்ன மிஞ்சும் என்பது ஒரு கவலை. செலவைப் பார்த்து மகளின் படிப்பைக் கெடுத்தாள் என்ற பழி வந்துவிடுமோ என்பது மற்றொரு கவலை. "சாச்சி, நீங்கள் நாலு பேருக்கு எழுதுகிறவர்கள். நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கள்" என்று என்னிடம் கேட்டாள். உண்மையைச் சொல்வதானால், என்னிடம் விடை இல்லை. அடுக்களையிலிருந்து வந்த லாத்தாதான் அன்று விடை தேடும் வழியைக் காட்டினார்.

லாத்தா வைத்த தேர்வு

லாத்தா 1971ஆம் ஆண்டு அதே பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்தவர். உயர்நிலைப்பள்ளி அடுத்த ஊரில் இருந்தது. பெண்பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிப் படிக்க அனுப்பும் வழக்கம் அன்று எங்கள் தெருவில் இல்லை. எனவே லாத்தாவின் படிப்பு அத்துடன் நின்றது. நடுநிலைப்பள்ளி என்று பெயர் இருந்தாலும், எங்கள் தலைமுறைப் பெண்களில் பலருக்கு அது நடுவாக இருக்கவில்லை, முடிவாகவே இருந்தது. அந்த எட்டு வகுப்புகளில் கற்றதை முதலாக வைத்தே அவர்கள் வாழ்நாள் முழுதும் குடும்பக் கணக்கு பார்த்தார்கள், சபரிலிருந்து வந்த கடிதங்களைப் படித்தார்கள், பதில் எழுதினார்கள். நடுநிலைப்பள்ளி நன்றாக நடக்கிறதா இல்லையா என்பது எங்கள் போன்ற ஊர்களில் வெறும் பள்ளிக்கூட விஷயமாக என்றும் இருந்ததில்லை.

லாத்தா இரு பிள்ளைகளையும் பாயில் உட்கார வைத்தார். முதலில் ஒரு தமிழ் நாளிதழின் சிறுவர் பகுதியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பேத்தி தடங்கலின்றிப் படித்தாள். படித்ததைத் தன் சொற்களில் கதையாகவும் சொன்னாள். பேரன் எழுத்துக் கூட்டியே படித்தான். அடுத்து அவனுடைய ஆங்கிலப் பாடநூலை எடுத்து நீட்டினார். அவன் ஒரு பக்கத்தை மளமளவென்று வாசித்தான். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருந்தது. "இதில் என்ன சொல்லியிருக்கிறது, வாப்பா?" என்று லாத்தா கேட்டபோது, அவன் அதே வரிகளைத் திரும்ப வாசித்தான். பேத்திக்கோ ஆங்கிலத்தில் ஒரு வரியை முடிப்பதே பெரும்பாடாக இருந்தது.

பிறகு ஒரு தாளில் 624ஐ 6ஆல் வகுக்கச் சொன்னார். பேரன் 104 என்று சரியாக எழுதினான். பேத்தி 14 என்று எழுதினாள். லாத்தா திருத்தவில்லை. "624 மாங்காயை ஆறு வீட்டுக்குப் பங்கு வைத்தாய். வீட்டுக்குப் பதினாலு என்றால் மொத்தம் எத்தனை மாங்காய் கொடுத்தாய்?" என்று கேட்டார். அவள் பெருக்கிப் பார்த்து 84 என்றாள். "அப்படியானால் மீதி 540 மாங்காயை யார் தின்றது?" என்றார் லாத்தா. பேத்தி வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டை ஆறால் வகுக்க முடியாத இடத்தில் பூச்சியம் போட மறந்ததைத் தானே கண்டுபிடித்துத் திருத்தினாள்.

"இப்போது நீ சொல். ஒரு கூடையில் 104 மாங்காய். அப்படி ஆறு கூடை இருந்தால் எத்தனை?" என்று பேரனிடம் கேட்டார். அவன் சற்று விழித்துவிட்டு, "உம்மம்மா, இது பெருக்கலா, வகுத்தலா?" என்று கேட்டான்.

அரைமணி நேரத்தில் தேர்வு முடிந்தது. "இரண்டு பள்ளிக்கூடமும் பாதிப் பாதிதான் சொல்லிக் கொடுத்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு லாத்தா எழுந்து போனார்.

தேர்ச்சி விழுக்காடு எதைச் சொல்கிறது?

இரு பிள்ளைகளின் மதிப்பெண் அட்டைகளையும் அதன்பின் வாங்கிப் பார்த்தேன். இரண்டிலும் நல்ல மதிப்பெண்களே இருந்தன. தாயின் கவலையைத் தீர்க்கக்கூடிய செய்தி இரண்டு அட்டையிலும் இல்லை.

இதைச் சற்று விளக்க வேண்டும். 2009ஆம் ஆண்டு நிறைவேறி, 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்தக் கூடாது என்றது. 2019ல் அச்சட்டம் திருத்தப்பட்டு, நிறுத்திவைக்கும் உரிமை மாநிலங்களுக்குத் தரப்பட்டது. தமிழகத்திலும் ஐந்து, எட்டு வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டு, பலத்த எதிர்ப்புக்குப்பின் 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. பத்து வயதுப் பிள்ளையைத் தோல்வியுற்றவன் என்று முத்திரை குத்தி வீட்டுக்கு அனுப்பாமல் இருப்பது நல்லதே. நம் ஊர்களில் ஒருமுறை தவறிய பெண்பிள்ளை மறுமுறை பள்ளிக்குப் போவது அரிது என்பதை நாம் அறிவோம். ஆனால், எல்லாரும் தேர்ச்சி பெறும் வகுப்பில் 'நூறு விழுக்காடு தேர்ச்சி' என்பது பள்ளியின் திறமையைக் காட்டும் சொல் ஆகாது. அந்த எண்ணை வைத்து ஒன்றியப் பள்ளியைப் புகழவும் முடியாது, இகழவும் முடியாது.

தனியார் பள்ளியின் வாசலில் தொங்கும் பதாகையிலும் எச்சரிக்கை தேவை. அது பத்தாம் வகுப்பு முடிவைச் சொல்கிறது. ஆறாம் வகுப்பில் சேரப் போகும் உங்கள் பிள்ளைக்கு அடுத்த மூன்று ஆண்டுகள் யார் கணக்குச் சொல்லித் தரப் போகிறார் என்பதை அது சொல்லவில்லை. நலிந்த மாணவர்களை ஒன்பதாம் வகுப்பிலேயே மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டு, எஞ்சியவர்களைக் கொண்டு நூறு விழுக்காடு காட்டும் பள்ளிகளும் உண்டு.

உண்மை நிலையைக் காட்டும் கணக்குகள் இல்லாமல் இல்லை. நாட்டின் ஊர்ப்புறப் பிள்ளைகளை வீட்டிலேயே சந்தித்துச் சோதிக்கும் 'அசர்' என்னும் ஆய்வின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, எட்டாம் வகுப்பில் படிப்போரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தது. மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ 45 விழுக்காட்டினரே. இது அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டையும் சேர்த்த, நாடு தழுவிய கணக்கு. லாத்தா பாயில் வைத்து நடத்திய தேர்வும் இந்த ஆய்வு நடத்தும் தேர்வும் ஏறக்குறைய ஒன்றே என்பதைப் பின்னர் அறிந்து வியந்தேன்.

ஆறு முதல் எட்டு வரை

இந்த மூன்று ஆண்டுகளுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? ஐந்தாம் வகுப்புவரை பிள்ளை படிக்கக் கற்கிறது. ஆறாம் வகுப்பு முதல் படித்துக் கற்க வேண்டியிருக்கிறது. அறிவியலும் வரலாறும் விரிந்த பாடங்களாக வந்து நிற்கின்றன. சரளமாக வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அனைத்துப் பாடங்களின் கதவும் ஒரே நேரத்தில் மூடிக்கொள்கிறது.

கணக்கிலும் அப்படியே. முழு எண்கள் போய்ப் பின்னங்கள் வருகின்றன. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலுள்ளதை மேலுள்ளதோடும் கீழுள்ளதைக் கீழுள்ளதோடும் கூட்டி 'ஐந்தில் இரண்டு' என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். அரை ரொட்டியோடு மேலும் ஒரு துண்டைச் சேர்த்தால் அது அரையைவிடக் குறைந்து போகுமா என்று யாரும் அவர்களைக் கேட்டிருக்க மாட்டார்கள். நம் இல்லங்களில் பின்னம் என்பது பாடநூலோடு நிற்பதன்று. ஜகாத் நாற்பதில் ஒரு பங்கு. பிள்ளைகளை விட்டு ஒருவர் மறைந்தால், அவர் சொத்தில் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று. இரண்டும் சேர்ந்தால் இருபத்து நான்கில் ஏழு பங்கு என்று கணக்கிடத் தெரிந்த பெண், தன் உரிமை எவ்வளவு என்று அறிய யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அந்தக் கணக்கு ஆறாம், ஏழாம் வகுப்புகளில்தான் கற்பிக்கப்படுகிறது.

வேறொரு செய்தியும் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தோருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கித் தமிழக அரசு 2020ல் சட்டம் இயற்றியது. 2021ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அத்தகைய ஒதுக்கீடு வந்தது. உயர்கல்வி பயிலும் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டபோதும், ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்திருப்பதே தகுதியாக வைக்கப்பட்டது. ஆறாம் வகுப்பில் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றும்போது இவையும் கைநழுவக்கூடும் என்பதைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. இதற்காகவே ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வகுத்தல் தெரியாத பிள்ளைக்கு எந்த ஒதுக்கீடும் துணை செய்யாது. ஆனால் அறிந்து முடிவெடுப்பது வேறு, அறியாமல் இழப்பது வேறு.

சுவரில் இருந்த பெயர்

பள்ளி திறந்ததும், நானும் லாத்தாவின் மகளும் ஒன்றிய நடுநிலைப்பள்ளிக்குச் சென்றோம். தலைமையாசிரியை எங்களை அன்போடு வரவேற்று, மறைக்காமல் பேசினார். ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளிலும் சேர்த்து அறுபது பிள்ளைகள்கூட இல்லை. ஒரு காலத்தில் ஒவ்வொரு வகுப்பும் இரண்டு பிரிவுகளாக நடந்த பள்ளி அது. கணக்கும் அறிவியலும் நடத்த வேண்டிய பட்டதாரி ஆசிரியர் மாறுதலில் சென்று ஓராண்டுக்கு மேலாகிறது என்றும், சமூக அறிவியல் ஆசிரியரே கணக்கையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார் என்றும் சொன்னார். பிள்ளைகள் குறைவதால் ஆசிரியர் பணியிடம் நிரப்பப்படாமல் போகிறது, ஆசிரியர் இல்லாததால் பிள்ளைகள் மேலும் குறைகிறார்கள் என்பது அவருடைய வருத்தம்.

தனியார் பள்ளிக்கும் சென்றோம். வகுப்பறைகள் தூய்மையாக இருந்தன. பிள்ளைகளை ஆங்கிலத்தில் பேசப் பழக்குவதில் அவர்கள் எடுத்துக்கொண்ட அக்கறை மெய்யானது. ஆறாம் வகுப்பிற்கு யார் கணக்கு நடத்துவார், அவர் எத்தனை ஆண்டாக அங்கே இருக்கிறார் என்று கேட்டோம். அலுவலகத்தில் இருந்தவர் கட்டண அட்டவணையை எடுத்துக் கொடுத்தார். வேறு விடை கிடைக்கவில்லை.

நான் சொல்ல விரும்பும் செய்தி ஒன்றியப் பள்ளியின் சுவரில் இருந்தது. தலைமையாசிரியை அறையில், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களின் பெயர்ப்பட்டியல் ஒட்டப்பட்டிருந்தது. அதில் லாத்தாவின் மகளுடைய பெயரும் இருந்தது! திகைப்போடு அவளைப் பார்த்தேன். "இரண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், சாச்சி. கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். எதற்கென்று கேட்கவில்லை" என்றாள்.

அவள் கையெழுத்திட்டது எதற்கு? கல்வி உரிமைச் சட்டப்படி, ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளி எப்படி நடக்கிறது என்று கவனிப்பதும், அதன் வளர்ச்சிக்குத் திட்டம் தீட்டுவதும், வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அக்குழுவின் பணிகள். அதே சட்டம், ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு எத்தனை பிள்ளைகள் இருந்தாலும், அறிவியலுக்கும் கணக்கிற்கும் ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிப் பாடத்திற்கு ஒருவர் என்று குறைந்தது மூன்று ஆசிரியர்கள் வேண்டும் என்கிறது. கணக்கு ஆசிரியர் இல்லை என்று ஊரே முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்கும் உரிமை பெற்ற பெண்ணோ, தனக்கு அந்த உரிமை உண்டு என்பதை அறியாமல் வீட்டில் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூலைத் திங்கள் நடந்த குழுக் கூட்டத்திற்கு அவள் சென்றாள். மேலும் நான்கு தாய்மாரை உடன் அழைத்துச் சென்றாள். கணக்கு ஆசிரியர் வேண்டும் என்று தீர்மானம் எழுதி, அனைவரும் கையெழுத்திட்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பினார்கள். இம்முறை எதற்குக் கையெழுத்து என்று தெரிந்தே போட்டார்கள். ஒருமுறை நேரிலும் சென்று கேட்டார்கள். செப்டம்பரில், வேறொரு பள்ளியின் கணக்கு ஆசிரியர் வாரத்தில் மூன்று நாள் வந்து பாடம் நடத்த ஏற்பாடாயிற்று. முழுநேர ஆசிரியர் கிடைக்கவில்லை. கேட்டது முழுதும் கிடைத்தது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். ஆனாலும் ஓராண்டாகக் கிடைக்காதது இரண்டு திங்களில் கிடைத்தது.

பேத்தி அப்பள்ளியிலேயே ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். ஓராண்டு பார்ப்போம் என்று அவள் வாப்பா இசைந்தார். தனியார் பள்ளிக்குத் தர எண்ணிய கட்டணத்தில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு, மாலையில் அவளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஓர் ஆசிரியை ஏற்பாடு செய்யப்பட்டார். பேரன் அவனுடைய பள்ளியிலேயே தொடர்கிறான். அவனுக்கு மாலைதோறும் லாத்தாவிடம் தமிழ்ப் பாடமும் மாங்காய்க் கணக்கும் நடக்கின்றன.

தாய்மார்களுக்குச் சில சொற்கள்

உங்கள் பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தாலும், அரைமணி நேரம் ஒதுக்கி இந்தச் சோதனையை நீங்களே செய்து பாருங்கள். பாடநூலில் இல்லாத ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லுங்கள். படித்ததை அதன் சொற்களில் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு வகுத்தல் கணக்கு கொடுங்கள். பிறகு அதே கணக்கைக் கடைக்கணக்காக மாற்றிக் கேளுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளையானால் பின்னமும் விழுக்காடும் கேளுங்கள். தவறினால் அடிக்கவோ ஏசவோ வேண்டாம். எந்த இடத்தில் தவறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் சென்றறியாத தாயாக இருந்தால், படித்த உறவினர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளலாம். அதில் வெட்கம் ஏதுமில்லை.

அடுத்து, பள்ளிக்குச் சென்று மூன்று வினாக்களைக் கேளுங்கள். ஆறு முதல் எட்டுவரை கணக்கும் ஆங்கிலமும் நடத்துபவர் யார்? சரளமாகப் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு என்ன செய்கிறீர்கள்? எட்டாம் வகுப்பில் நடக்கும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வைச் சென்ற ஆண்டு எத்தனை பேர் எழுதினார்கள்? வருவாய் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் பெற்றுத்தரும் தேர்வு அது. அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் படிப்போரே அதை எழுத முடியும். தமிழகத்திற்கு ஆண்டுதோறும் 6,695 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஒரு நடுநிலைப்பள்ளி தன் பிள்ளைகளைப் பற்றி எவ்வளவு அக்கறை கொண்டிருக்கிறது என்பதை, இந்தத் தேர்வுக்கு அது செய்யும் ஆயத்தத்தைக் கொண்டே ஓரளவு அறியலாம்.

பிள்ளை அரசுப் பள்ளியில் படிப்பதானால், தலைமையாசிரியர் அறையில் மேலாண்மைக் குழுவின் பட்டியலையும் பார்த்துவிட்டு வாருங்கள். அதில் உங்கள் பெயர் இருந்தால், அடுத்த கூட்டம் எந்த நாளில் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயர் இல்லாவிட்டால், யாருடைய பெயர் இருக்கிறதோ அவர் வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். அவருக்கும் தெரியாமல் இருக்கக்கூடும்.